செங்குட்டுவன் காத்த நேரம்

செங்குட்டுவனிடம் மணி கேட்டால் பத்து மணி என்று சொல்லமாட்டார். "பத்து மணி ரெண்டு நிமிசம் பதினாலு செகண்டு" என்பார். சொல்லி முடிப்பதற்குள் பதினாறு செகண்டு ஆகியிருக்கும், அது வேறு விஷயம். மந்தாரக்குப்பத்துக்கு வெளியே, சுரங்கத்து மண்மேடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பழுப்பு நிலக்கரியைக் கொட்டி உடைத்துச் சலித்து லாரியில் ஏற்றுகிற தனியார் யார்டு ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே அவர் பெயரே டைம் அண்ணன். வயது ஐம்பத்தொன்று. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். அப்பா ஊரான் நிலத்தில் வரப்போரம் அண்டை வெட்டியே காலத்தை ஓட்டியவர். மகன் ஐ.டி.ஐ. முடித்து, இருபத்தாறு வருஷமாகக் காண்ட்ராக்ட் விட்டுக் காண்ட்ராக்ட் மாறி வந்தார். பர்மனென்ட் என்ற சொல்லை அடுத்தவன் கல்யாணப் பத்திரிகையில், மாப்பிள்ளை பெயருக்குக் கீழே படித்ததோடு சரி.

யார்டில் உள்ள அளவுக் கருவிகள் எல்லாமே அவர் பொறுப்பு. ஆனால் மனிதர் உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு பெட்டியின் மேல்தான். கண்ட்ரோல் ரூம் கட்டடத்து மொட்டை மாடியில், இரும்புக் குழாய் ஒன்றின் உச்சியில், கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு வெள்ளை ஆன்டெனா இருந்தது. மேலே சுற்றுகிற சாட்டிலைட்டுகள் அனுப்பும் ரேடியோ சிக்னலை அது வாங்கி, ஒயர் வழியாகக் கீழே பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதிலிருந்து சரியான நேரத்தைப் பிரித்து சர்வரிடம் கொடுக்கும். பெல்ட் ஓட்டுகிற கம்ப்யூட்டர், லாரி எடை போடுகிற கம்ப்யூட்டர், கேட்டில் விரல் வைக்கிற மிஷின், எல்லாம் அந்த சர்வரைக் கேட்டுத்தான் தங்கள் மணியைத் திருத்திக்கொள்ளும்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற கடியாரம் மட்ட சரக்குப்பா. சும்மா வுட்டா ஒரு நாளைக்கு ரெண்டு செகண்டு பிசகும். மேலேர்ந்து சிக்னல் வந்து காதப் புடிச்சுத் திருகிகினே இருக்கணும்" என்று கேட்டவனுக்கும் சொல்வார், கேட்காதவனுக்கும் சொல்வார். பண்ருட்டி பஸ் கண்டக்டரிடம் ஒன்றரை நிமிஷ தாமதத்துக்குச் சண்டை போட்டு, பாதி வழியில் இறக்கி விடப்பட்ட ஆள் அவர். வீட்டில் அம்சவல்லி குக்கர் விசிலை எண்ணினால், இவர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே எத்தனை செகண்டு என்று எண்ணுவார். அந்த அம்மாள் எப்படித்தான் காலம் தள்ளினாளோ!

இப்படிப்பட்ட மனுஷன் கையால்தான் அது நடந்தது. நம்பவே முடியாது, ஆனால் நடந்தது.

பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள், ஜனவரி இருபதாம் தேதி, காலை ஷிப்ட். மூன்றாம் நம்பர் பெல்ட்டின் கடைசி உருளையில் ஈரக் கரி அப்பிக்கொண்டு பெல்ட் ஒரு பக்கமாக இழுத்தது. பெல்ட்டை நிறுத்தி, நாலு பேர் இறங்கிச் சுரண்டினார்கள். வேலை முடிந்ததும் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் கோபாலகிருஷ்ணன் தன் செல்போனிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிட்டு "கிளியர்" என்று சொல்லவேண்டும். அந்தச் சொல் வந்த பிறகுதான் ஆபரேட்டர் மூன்று தடவை சைரன் கொடுத்து பெல்ட்டை ஓட்டவேண்டும். யார்டில் இது சட்டம்.

அன்றைக்குக் கண்ட்ரோல் ரூமில் சங்கீதா. இருபத்தெட்டு வயதுப் பெண், டிப்ளமா படித்தவள், ஐந்து வருஷமாக அதே நாற்காலி. கணவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், இரண்டு வயதில் அபி என்று ஒரு குழந்தை. பெல்ட் ஓடியது. கடைசி உருளையடியில் அந்த நாலு பேரில் ஒருவனான இளவழகன் இன்னும் சுரண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கரி உடைக்கிற இரைச்சலில் சைரன் அவன் காதில் ஏறவில்லை. பெல்ட் ஓரமாகக் கட்டியிருக்கும் அவசரக் கயிற்றை யாரோ இழுத்து நிறுத்துவதற்குள் அவன் வலது கை உள்ளே போய்விட்டது. புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பையன்.

அடுத்த வாரம் மேனேஜர் சோமசுந்தரம் ரூமில் விசாரணை. தலைமை ஆபீசிலிருந்து ஒரு அதிகாரியும் வந்திருந்தார். மேஜை மேல் இரண்டு தாள். ஒன்று போன் கம்பெனி கொடுத்தது: கோபாலகிருஷ்ணன் செல்லிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்கு ஒரே ஒரு அழைப்பு, பத்து நாற்பத்தைந்துக்கு. இன்னொன்று பெல்ட் கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்தது: மூன்றாம் நம்பர் பெல்ட் ஓடத் தொடங்கியது, பத்து நாற்பத்திரண்டுக்கு.

"நான் கிளியர் குடுக்கவே இல்ல சார். புள்ள கை மாட்டிக்கிச்சு, பெல்ட்ட நிறுத்துன்னு கத்தறதுக்குத்தான் போன் பண்ணேன்" என்றார் கோபாலகிருஷ்ணன்.

சங்கீதா எழுந்தே நின்றுவிட்டாள். "அய்யோ, இல்ல சார்! கிளியர்னு சொன்னாரு சார். அவரு சொன்னப்பறந்தான் சைரன் குடுத்தேன், மூணு வாட்டி குடுத்தேன். என் புள்ள மேல சத்தியமா சார்."

"அப்படின்னா போனுக்கு மூணு நிமிஷம் முன்னாடியே பெல்ட் எப்படிம்மா ஓடுச்சு?" என்று அதிகாரி இரண்டு தாளையும் அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் தாளைப் பார்த்தாள், கோபாலகிருஷ்ணனைப் பார்த்தாள், கடைசியில் செங்குட்டுவனைப் பார்த்தாள். அவர் சாட்சியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

சோமசுந்தரமும் அவரைத்தான் கேட்டார். "என்ன செங்குட்டுவன், இந்தக் கம்ப்யூட்டர் மணி சரியா இருக்குமா?"

செங்குட்டுவன் அந்தப் பெண்ணை மகள் மாதிரி நினைத்தவர்தான். அவள் கொண்டுவருகிற கருவாட்டுக் குழம்பில் பங்கு கேட்டுச் சாப்பிட்டவர்தான். ஆனாலும் பெட்டியைச் சந்தேகப்படுவதா? "பொண்ணு பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல சார். பதட்டத்துல முன்னப்பின்ன ஆயிருக்கும். ஆனா அந்த மணி தப்பா இருக்க சான்சே இல்ல. வானத்துலேர்ந்து வர்ற நேரம் சார் அது" என்றார். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். விநாடி சுத்தமாகப் போட்டார்.

சங்கீதாவை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். போனில் வீடியோ பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கிவிட்டாள் என்று யார்டே பேசியது. பத்து நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, அவசரத்தில் கிளியர் வரும் முன்பே பெல்ட்டை ஓட்டிவிட்டேன், தவறு என்னுடையது என்று. சோமசுந்தரம் அதைக் கோப்பில் வைத்தார். பிப்ரவரி பதினாறு, திங்கட்கிழமை முடிவு சொல்வதாக ஏற்பாடு. வேலை போவது மட்டுமில்லை, போலீஸ் கேஸும் அவள் பெயரில் எழுதப்படும் என்று பேச்சு. செங்குட்டுவனுக்கு மனசு சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கடிதத்தைக் கேள்விப்பட்டதும் ஒரு மூச்சு விட்டார். பாருங்கள், மனசாட்சி எப்படியெல்லாம் சொகுசு தேடும்!

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை அவர் பைக் வழியில் பஞ்சர். எப்போதும் ஐந்தரைக்கே யார்டுக்குள் போய்விடுகிறவர் அன்றைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு எதிரே செல்லக்கிளியின் டீக்கடைக்கு வந்தபோது செல்போனில் ஆறு மணி ஒரு நிமிஷம். அங்கே பார்த்தால் ஆறு மணி ஷிப்ட் ஆட்கள் பத்துப் பேர் காலை நீட்டி உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்பா, லேட் மார்க் வுழப்போவுது, இங்க ஒக்காந்துகினு என்னா பண்றீங்க?" என்று அதட்டினார்.

பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். செல்லக்கிளிதான் பால் சட்டியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதா டைம் அண்ணே? ஆறு மேல மூணு நிமிசம் வரிக்கும் இங்கதான் இருப்பானுங்க. அப்பறம் ஓடிப்போயி வெரல வெப்பானுங்க. மிசினு அஞ்சு அம்பத்தொம்போதுன்னு காட்டுதாம். புண்ணியவதி மிசினு! முன்ன ஒரு நிமிசந்தான் வுட்டுக் குடுத்துச்சு, இப்ப நாலு நிமிசம் வரிக்கும் வுடுது."

"எப்பலேர்ந்து?"

"ஆயுத பூஜ கழிஞ்சதுலேர்ந்துதான். எல்லாத்துக்கும் தெரியுமே."

எல்லோருக்கும் தெரியும். மேற்படி மிஷினின் நேரத்தைக் காக்கிற ஒரே ஆளுக்கு மட்டும் தெரியாது. அவர்தான் அரை மணி முன்னால் வந்து, மிஷின் காட்டுகிற மணியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விரல் வைத்துவிட்டுப் போகிறவராயிற்றே! லேட் மார்க் விழாத சுகத்தை எவன் போய் அவரிடம் சொல்வான்?

வண்டியை அப்படியே சாய்த்துவிட்டுக் கேட்டுக்கு ஓடினார். விரலை வைத்தார். மிஷின் ஐந்து ஐம்பத்தொன்பது என்றது. செல்போன் ஆறு நாலு என்றது. அந்த ஒரு கணத்திலும் மனுஷனுக்கு என்ன தோன்றியது தெரியுமா, செல்போன் கெட்டுவிட்டது என்றுதான். வாட்ச்மேன் செல்லைப் பிடுங்கிப் பார்த்தார். ஆறு நாலு. பின்னால் வந்தவன் செல்லைப் பார்த்தார். ஆறு நாலு. கேட் மிஷினும் பெல்ட் கம்ப்யூட்டரும் ஒரே இடத்தில்தான் மணி கேட்கின்றன என்பது அந்த யார்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மொட்டை மாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். காலை வெயில் அப்போதுதான் மண்மேட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. குழாய் உச்சியில் அவருடைய ஆன்டெனா, கோயில் கலசம் மாதிரி, பளபள என்று மின்னியது.

வெள்ளை ஆன்டெனா எதற்கு மின்னவேண்டும்?

சில்வர் பெயிண்ட். அவரே அடித்தது. தன் கையால், இரண்டு கோட்டு.

ஆயுத பூஜை வந்தால் யார்டில் இரும்பென்று ஒன்று மிச்சமிருக்காது, எல்லாம் சில்வர் ஆகிவிடும். பம்பைக் கழுவி, மோட்டாரைத் துடைத்து, கம்பி, குழாய், ஏணி, குப்பைத் தொட்டி வரைக்கும் அலுமினியப் பெயிண்ட் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைப்பார்கள். போன செப்டம்பர் முப்பதாம் தேதி பெயிண்டர்கள் மாடிக்கு வந்து ஆன்டெனாக் குழாய்க்கு அடித்தார்கள். "இத நீங்க தொடாதீங்கப்பா, நான் அடிச்சுக்கறேன்" என்று செங்குட்டுவன்தான் பிரஷ்ஷை வாங்கினார். எல்லாம் மின்னும்போது தன்னுடையது மட்டும் அழுக்கு வெள்ளையாக நிற்பதா என்று அவருக்கு ஆதங்கம். டிவிக்கு வைக்கிற டிஷ்கூட உலோகம்தானே, சில்வர் அடித்தால் சிக்னலை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று தனக்குத்தானே ஒரு விஞ்ஞானமும் சொல்லிக்கொண்டார். அந்தக் கிண்ணம் ரேடியோ அலை ஊடுருவிப் போவதற்காகத்தான் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது, உலோகத் தூள் கலந்த பெயிண்ட் அதன் மேல் ஏறினால் இரும்பு மூடி போட்ட கதை என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இருபத்தாறு வருஷ அனுபவம், அந்த இடத்தில் பூஜ்யம்! அதுவரை வாரா வாரம் ஏறிக் கரித்தூசி துடைத்தவர், பெயிண்ட் மேல் தூசி ஒட்டாது என்று அன்றைக்கப்புறம் ஏறவும் இல்லை.

"அய்யய்யோ, அய்யய்யோ" என்று வாய்விட்டுச் சொன்னார். மூலையில் கிடந்த, பெயிண்ட் கரைக்கிற தின்னர் டப்பாவையும் துணியையும் எடுத்து, ஏணியில் ஏறி, துடைத்தார். தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். சில்வர் முழுக்க வழிந்து சட்டையெல்லாம் ஆனது. கிண்ணம் மறுபடி வெள்ளையாக வந்த பிறகுதான் மூச்சு விட்டார். பிறகு கீழே ஓடிப்போய்ப் பெட்டி முன்னால் நின்றார்.

சிக்னல் இல்லாவிட்டால் சிவப்பாக எரிவதற்கு அந்தப் பெட்டியின் முகப்பில் உளுந்தளவு விளக்கு ஒன்று உண்டு. அந்த விளக்கின் மேல், நட்டநடுவில், ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம் காய்ந்திருந்தது, அதன் நடுவே குங்குமம். அதுவும் அவர் வைத்ததுதான். சாமிக்கு வைத்த பொட்டை எவன் துடைப்பான்? நாலரை மாதமாகச் சந்தனத்துக்குப் பின்னால் அந்தச் சிவப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. விரலால் சுரண்டினார். சிவப்பு தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்து பக்கத்தில் பச்சை எரிந்தது. சுவரில் பெரிய எழுத்தில் ஓடுகிற மணி ஆறு முப்பத்து மூன்றில் இருந்தது. ஒரு துள்ளுத் துள்ளி ஆறு முப்பத்தெட்டுக்குப் போனது.

சரியாகிவிட்டது. கும்பிடக் கை எழுந்தது. பாதியில் அப்படியே நின்றது.

என்ன காரியம் செய்தோம்! சங்கீதா நிரபராதி என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தப்பான மணிதான். அதைத்தான் இப்போது தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு வந்து நிற்கிறார். திங்கட்கிழமை போய் மணி தப்பு என்று சொன்னால், "எங்கே காட்டு" என்பார்கள். எதைக் காட்டுவது? சரியான மணியைத்தான் காட்ட முடியும். தப்பைக் கண்டால் உடனே திருத்திவிடுகிற கை, ஒரு அரை மணி பொறுத்திருக்கக் கூடாதா? ஒரு போட்டோ எடுத்திருக்கக் கூடாதா? தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். காலை ஷிப்ட் ஆபரேட்டர் பயந்து தண்ணீர் கொண்டுவந்தான்.

தண்ணீரைக் குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. சர்வர் தான் செய்கிறதையெல்லாம் தனக்குள்ளேயே ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அவரும் பார்த்து வருஷக்கணக்காகிறது. திறந்தார். கடைசி வரி அன்றைய தேதியில் இருந்தது: நேரம் 286 செகண்டு முன்னால் நகர்த்தப்பட்டது. அதற்கு மேலே, முந்தின நாள்: சிக்னல் இல்லை. அதற்கு முந்தின நாள்: சிக்னல் இல்லை. மேலே போகப் போக அதே வரி. பொங்கலன்று சிக்னல் இல்லை. தீபாவளியன்று சிக்னல் இல்லை. செப்டம்பர் முப்பது சாயங்காலம் முதல் நூற்று முப்பத்தாறு நாள், ஒரு நாள் தவறாமல் அந்த சர்வர் முறையிட்டிருக்கிறது. கேட்கவேண்டிய ஆள் கேட்கவில்லை.

சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நூற்று முப்பத்தாறு நாளில் 286 செகண்டு பின்னால் போயிருக்கிறது. நாளுக்கு இரண்டு செகண்டுக்குக் கொஞ்சம் மேலே. பெயிண்ட் அடித்ததிலிருந்து விபத்து நாள் வரை நூற்றுப் பன்னிரண்டு நாள். அன்றைக்கு மணி ஏறக்குறைய நாலு நிமிஷம் பின்னால் இருந்தது. அப்படியானால் கம்ப்யூட்டர் பத்து நாற்பத்திரண்டு என்று எழுதியபோது உண்மையான மணி பத்து நாற்பத்தாறு. போன் வந்தது பத்து நாற்பத்தைந்து. போன் முதலில், பெல்ட் பிறகு. பெல்ட் ஓடுவதற்கு முன்னால் கோபாலகிருஷ்ணன் எதற்குக் கை மாட்டிக்கொண்டது என்று கத்தப்போகிறார்? அவர் சொன்னது கிளியர்தான். அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நிஜம்.

வீட்டுக்கு வந்து அம்சவல்லியிடம் சொன்னார். "இத போயிச் சொன்னா உன்ன வெச்சுக்குவானுங்களா?" என்றாள்.

"மாட்டானுங்க."

"சொல்லாட்டி?"

"அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போவும்."

"கையெழுத்துப் போட்டப்ப இந்தப் புத்தி எங்க போச்சு உனக்கு?" என்று அம்சவல்லி ஒரு சத்தம் போட்டாள். "நேரங்காலம் பாக்காம சொல்லித் தொலை. அந்த சர்வருல இருக்கறத மொதல்ல பிரிண்ட் எடு. அதையும் எங்கனா தொடச்சு வெக்காத" என்றாள். சனிக்கிழமை காலையே போய் மூன்று பிரதி எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்த ரூமில் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, பிரதிகளை மேஜை மேல் வைத்தார். சோமசுந்தரம் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பெயிண்ட் அடிச்சது யாரு?"

"நான் சார்."

"லைட்டு மேல பொட்டு வச்சது?"

"நான்தான் சார்."

"மணி சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது?"

"அதுவும் நான்தான் சார்."

அதிகாரி கோபாலகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். அந்த ஆள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். முதலில் இல்லவே இல்லை என்றார். அப்புறம் ஞாபகமில்லை என்றார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாலு பேரும் ஏறிட்டாங்கன்னு நெனச்சேன் சார். எண்ணிப் பாக்கல. எண்ணியிருந்தா மூணு பேருதான். அப்பறம் அந்தத் தாள்ல பெல்ட்டு முன்னாடி ஓடினதாவே வந்துச்சு. நானா எதுவும் மாத்தல சார், தாளே அப்படி வந்துச்சு." அதைக் கேட்டபோது செங்குட்டுவனுக்கு அந்த ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கிற யோக்கியதை தனக்கு உண்டா என்ற யோசனையில் கை எழவில்லை.

"ஆனா அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்திருக்கேய்யா!" என்று அதிகாரி கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்தார். "செய்யாத தப்பை எவளாவது எழுதிக் கொடுப்பாளா?"

சோமசுந்தரம் கடிதத்தை வாங்கி செங்குட்டுவன் கையில் கொடுத்தார். "இது இனி எங்களுக்கு வேண்டாம். அந்தப் பொண்ணு மேல தப்பு ஒண்ணும் இல்லை, நாளைக்கே வேலைக்கு வரலாம்னு நீயே போய்ச் சொல்லு. கோபாலகிருஷ்ணன் விஷயத்தை நாங்க பாத்துக்கறோம். நீ இந்த மாசத்தோட நின்னுக்கோ செங்குட்டுவன். எனக்கு வேற வழியில்லை" என்றார். செங்குட்டுவன் தலையாட்டினார். வெளியே கேட்டருகே நாலு பேர் அவரை முறைத்தார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லோருக்கும் லேட் மார்க்.

சங்கீதாவின் வீடு மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு மாவு மில்லை ஒட்டி. கதவு திறந்துதான் இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலு வாரத்தில் பாதியாக இளைத்திருந்தாள். செங்குட்டுவனைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே" என்று பாயை உதறிப் போட்டாள். அந்த மரியாதையே அவரைக் கொன்றது. உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெயிண்ட், பொட்டு, நாலு நிமிஷம், கோபாலகிருஷ்ணன் ஒத்துக்கொண்டது, நாளைக்கு வேலைக்கு வரலாம் என்பது. கடிதத்தை நீட்டினார்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அழுவாள் என்றாவது நினைத்தார். அவள் கடிதத்தை வாங்கவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தக் கைய நான் எடுக்கலியாண்ணே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"கிளியர்னு சொன்னது நெசமாவே என் காதுல வுழுந்துச்சா?"

"நெசந்தாம்மா. அவரே ஒத்துக்கினாரு."

"நீங்க சொன்னப்பறம் எனக்கே ஞாபகம் மாறிப்போச்சுண்ணே" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "டைம் அண்ணன் சொன்னா தப்பா இருக்காது, அப்ப நான்தான் கேக்காதத கேட்டதா நெனச்சிகினேன்னு ராத்திரி பகலா யோசிச்சேன். யோசிக்க யோசிக்க, போன் வர்றதுக்கு முன்னாடி என் வெரல் அந்தப் பட்டன அமுக்கறாப்பல கண்ணுல தெரிய ஆரம்பிச்சிடுச்சு. அதான் எழுதிக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போயி இளவழகன் பொண்டாட்டி கால்ல வுழுந்து, உன் வூட்டுக்காரன் கைய எடுத்தது நான்தான்னு சொன்னேன். அந்தப் பொண்ணு என் மூஞ்சியில காறித் துப்புச்சு. அத தொடைக்காமயே பஸ் ஏறி வந்தேன். தொடைக்கறதுக்கு எனக்கு என்ன அருகதைன்னு."

கடிதத்தைப் பிடித்த செங்குட்டுவனின் கை நீட்டினபடி நின்றது. மில்லில் மாவு அரைக்கிற சத்தத்தில் குழந்தை புரண்டு படுத்தது. சங்கீதா அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். இப்போதுதான் அவள் கண்ணில் நீர் திரண்டது.

"அன்னிக்கு அந்த ரூம்ல உங்க மூஞ்சியத்தானண்ணே பாத்துகினு நின்னேன். புள்ள மேல சத்தியம் பண்ணனே. பண்றவ பொய்யா பண்ணுவா? ஒரே ஒரு வாட்டி மாடி ஏறிப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போட்டிருக்கலாமில்ல?"

அந்த ரூமிலிருந்து மொட்டை மாடிக்குப் பதினெட்டுப் படிகள்தான். ஏறி இறங்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது.